குனிய அனுமதி இல்லாதவர்

தன் உடம்புக்கு எந்த யோகம் பொருந்தும் என்று தெரியாமலேயே இத்தனை வருடம் குனிந்து நிமிர்ந்து வாழ்ந்துவிட்டதைப் பூட்டுக்காரர் அந்த யோக நிலையத்தின் வரவேற்பறையில்தான் தெரிந்துகொண்டார். முதுகு வலிக்கு நாலு பயிற்சி சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கத்தான் போனார். எந்த முறை வேண்டும் என்று வரவேற்புப் பெண் கேட்டாள். எதுவாக இருந்தாலும் சரி என்றார். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எதுவா இருந்தாலும் சரின்னு சொல்றவங்களாலதான் சார் உலகத்துல பாதி முதுகு போச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. துக்கம் விசாரிப்பதுபோலச் சொன்னாள். அவள் தலைக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கண்ணாடிப் பலகைகள். வேக யோகம், மெது யோகம், வெப்ப அறை யோகம், கயிற்று யோகம், சுவர் யோகம், நாற்காலி யோகம், மௌன யோகம், சிரிப்பு யோகம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாகப் போய், தரையை ஒட்டிய கடைசிப் பலகையில் 'பிற' என்று இருந்தது. அதைப் படிக்கப் பூட்டுக்காரர் குனியவேண்டியிருந்தது. குனிந்தார். வரவேற்புப் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

ஒருவருக்கு மருந்தாக இருக்கும் முறை இன்னொருவருக்கு விஷம் என்று விளக்கினாள். பொருத்தம் பார்க்காமல் செய்தவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் அவர்களைப் பற்றி இந்தக் கட்டடத்தில் பேசுவதில்லை. இன்று முதல் அவர் 'பொருத்தம் நிலுவை'. அதற்கு அடையாளமாக மணிக்கட்டில் சாம்பல் நிறத் துணிப்பட்டை ஒன்றைக் கட்டிவிட்டாள். பொருத்தம் முடிவாகும்வரை குனியக் கூடாது, வளையக் கூடாது, கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது, ஆழமாக மூச்சு விடக் கூடாது. சாதாரண மூச்சுக்குத் தடையில்லை.

வாசலில் கடைச் சாவிக்கொத்து அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கப் போனார். காவலாளி ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சாம்பல் பட்டை சார் நீங்க. நான் எடுக்கறேன். எனக்குக் குனியறது மட்டும் அனுமதி ஆயிருக்கு."

நிமிர அனுமதி இன்னும் வரவில்லை என்று தரையைப் பார்த்தபடியே சொல்லிவிட்டுச் சாவியை மேலே நீட்டினார்.

பூட்டுக்காரரின் முதுகு வலி பொய்யில்லை. ஊரார் கதவுகளின் சாவித்துளைக்கு நேராகக் கண்ணை வைத்துக் குந்தியிருப்பவனுக்கு முதுகு வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும். ஆனால் அந்த வலி பல வருடமாக இருந்தது. அதற்காக அவர் ஒரு நாளும் எங்கும் போனதில்லை. வீட்டில் அக்காவின் முழங்காலைத் தினமும் மடக்கிவிடவேண்டும் என்று சொல்லப்பட்ட பிறகுதான் அந்த வலி தாங்க முடியாததாக மாறியது.

அக்கா வீட்டிலேயே கால் மிஷின் போட்டுத் துணி தைப்பவள். அறை விளக்கு எரியவில்லை, மாற்றிப் போடு என்று தம்பியிடம் சொன்னாள். நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். அவளே முக்காலியில் ஏறினாள். ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு ஒரு பிசியோ அம்மா வீட்டுக்கு வந்து பார்த்தார். அவர் குரலில் இனிப்பு கிடையாது. காலையும் மாலையும் முழங்காலை மடக்கவேண்டும், வலிக்கும், கத்துவார்கள், கத்தினாலும் நிறுத்தக் கூடாது, ஒரு மாதம் விட்டுவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்றார். இறுகினால் அப்புறம் மிஷின் மிதிக்க முடியாது. அடுத்த மாதம் வந்து அளந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாள் மடக்கினார். அக்கா கத்தினாள். அவளிடமிருந்து அப்படி ஒரு குரலை அவர் அதுவரை கேட்டதில்லை. விட்டுவிட்டுக் கதவுவரை போய் நின்றார். மறுநாள் காலை முதுகு பிடித்துக்கொண்டது என்றார். முதலில் இதைச் சரிசெய்துகொள்கிறேன், அப்போதுதானே உன்னைத் தூக்கிப் பிடிக்க முடியும் என்றார். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, அதுவும் சரிதான் என்றாள்.

இரண்டாம் முறை போனபோது அவரைப் பொருத்த அதிகாரியின் அறைக்குள் அனுப்பினார்கள். அதிகாரியின் நாற்காலிக்குச் சாய்மானம் இல்லை. வாழ்க்கையில் எதன்மீதும் சாய்ந்ததில்லை என்பதை அவரே முதல் வாக்கியத்தில் தெரிவித்தார். பிறகு கேள்விகள். எந்தப் பக்கம் படுப்பீர்கள். படியில் ஏறும்போது எந்தக் காலுக்கு முன்னுரிமை. பூட்டிய பெட்டியைப் பார்த்தால் திறக்கத் தோன்றுமா, யாருடையது என்று கேட்கத் தோன்றுமா. கேட்ட பிறகு திறப்பேன், அதுதான் தொழில் என்றார் பூட்டுக்காரர். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். அடுத்தது, வீட்டில் ஒருவர் வலியில் கத்தினால் கிட்டே போவீர்களா, தூரப் போவீர்களா.

பூட்டுக்காரர் கொஞ்ச நேரம் தன் விரல் நகங்களைப் பார்த்தார். அவற்றில் பித்தளைத் தூள் ஒட்டியிருந்தது.

"கதவு வரைக்கும் போவேன்."

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது.

"கதவு வரைக்கும். ரொம்ப அபூர்வம் சார் இது. ஒட்டவும் இல்லை, விலகவும் இல்லை. பல வருஷம் பயிற்சி செஞ்சவங்களுக்கே இந்த நிலை வராது."

பூட்டுக்காரருக்கு உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருந்தது. அக்காவின் முழங்கால் விஷயத்தைச் சொல்லி, அதை மட்டுமாவது நடுவில் செய்யலாமா என்று கேட்டார். அதிகாரி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"உங்க கை நிலுவையில இருக்கு. அவங்க கால் பதிவே ஆகலை. இந்த நிலைமையில ஒண்ணை ஒண்ணு தொட்டா யார் சார் பொறுப்பு?"

நான்தான் என்று சொல்லப் பூட்டுக்காரர் வாயெடுத்தார். பதில் எதிர்பார்க்கப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 'யார் பொறுப்பு?' என்பது அந்த நிலையத்தின் குறிக்கோள் வாசகம். பெரிய எழுத்தில் சுவரில் பதித்திருந்தார்கள். அதிகாரி தெளிவாகவே சொன்னார். உங்கள் பொருத்தம் முடிவாகும்வரை அந்தக் காலைத் தொடாமல் இருப்பதுதான் நீங்கள் அவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி.

அந்த நிமிடத்தில் பூட்டுக்காரருக்கு ஏற்பட்டது நன்றி. அதை அவர் பின்னால் யாரிடமும் சொல்லவில்லை.

அக்காவிடம் மட்டும் விதியை அப்படியே ஒப்பித்தார். அவள் வாக்கரைப் பிடித்தபடி, மடங்காத காலை ஒரு கட்டைபோல இழுத்துக்கொண்டு நின்றிருந்தாள். படிச்சவங்க சொன்னா காரணம் இருக்கும் என்றாள். மறுநாளிலிருந்து, நேரமாகிறது கிளம்பு என்று அவளே நினைவுபடுத்த ஆரம்பித்தாள். தண்ணீர் பாட்டிலை நிரப்பி, வாக்கரில் தொங்கவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜன்னலடியில் மிஷின் மேல் போட்டிருந்த துணி அப்படியே கிடந்தது. கால்சட்டை தைக்கக் கொடுத்த ஒருவர் வந்து கேட்டபோது, அடுத்த வாரம் என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள்.

பூட்டுக்காரர் கடையைத் தாமதமாகத் திறந்தார், சில நாள் திறக்கவே இல்லை. சோதனைகள் நடந்துகொண்டிருந்தன.

வெப்ப அறைச் சோதனைக்கு அவரைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே பத்துப் பதினைந்து பேர் வியர்த்து நின்றார்கள். யாரும் எதுவும் செய்யவில்லை. அவர்களுக்கு வெப்பம் பொருந்துகிறதா என்பது மட்டும்தான் இப்போது பார்க்கப்படுகிறது, யோகம் அடுத்த கட்டம் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அந்த மனிதருக்கு வெப்ப அறையைப் பார்ப்பது பொருந்துகிறதா என்று சோதனை நடந்துகொண்டிருந்தது.

மௌன யோகத்தில் ஆசிரியை மௌனத்தின் அருமையைப் பற்றிப் பேசினார். காலையில் ஆரம்பித்தவர் மதியம் தொண்டை கட்டி நிறுத்தினார். நடுவில் இருமிய ஒருவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். கயிற்று யோகத்தில் பூட்டுக்காரரைத் தொங்கவிடுவதற்கு முன் கயிற்றைச் சோதித்தார்கள். கயிறு நல்ல கயிறுதான், ஆனால் அது வேறொருவருக்குப் பொருத்தமானது என்று தெரியவந்தது. அந்த வேறொருவர் யார் என்று கண்டுபிடித்து அவரை வரவழைக்கத் தனியாக ஆள் போட்டார்கள்.

சிரிப்பு யோகத்தில்தான் பூட்டுக்காரர் தவறு செய்தார். மணி அடித்த பிறகு சிரிக்கவேண்டும். அதற்கு முன் பயிற்சியாளர் சின்ன முன்னுரை வழங்கினார். ஒவ்வொரு மனிதனின் உடம்புமீதும் இந்த நிலையத்துக்கு அக்கறை உண்டு என்றார். பூட்டுக்காரருக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. முன்கூட்டிச் சிரிக்கும் போக்கு என்று குறித்துக்கொண்டு, அவரை மறுபரிசீலனைக் குழுவுக்கு அனுப்பினார்கள்.

குழுவில் இரண்டே பேர். வேகப் பிரிவின் தலைவரும் மெதுப் பிரிவின் தலைவரும். வேகத் தலைவர் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்து, பேசவேண்டியதைக் காலி நாற்காலிகளிடம் பேசி முடித்துவிட்டுப் போயிருந்தார். மெதுத் தலைவர் இன்னும் வரவில்லை. அவர் அறைக்கும் இந்த அறைக்கும் இடையில் ஒரு தாழ்வாரம்தான் இருந்தது. பூட்டுக்காரர் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். அவர் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார். ஒரு பாதத்தைத் தூக்கி, அது தன் சம்மதத்தோடுதான் கீழே இறங்குகிறதா என்று கவனித்து, வைத்தார். இப்படிப் பல நாள் போயிற்று. இருவரும் ஒரே அறையில் இருந்ததாக நிலையத்தின் வரலாற்றில் தகவல் இல்லை.

வீட்டில் அவர் அக்காவின் காலைப் பார்ப்பதைத் தவிர்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவள் கட்டிலில் உட்காரும்போது அந்தக் கால் தரைக்கு வராமல் நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சுற்றிக்கொண்டுதான் அவர் சமையலறைக்குப் போகவேண்டும். ஒரு தடவை அவருடைய முட்டி அதில் இடித்தது. மன்னிச்சுக்க என்றார். எதுக்கு என்றாள் அக்கா. இடித்ததற்குத்தான் என்றார்.

கடைசியில், மெதுத் தலைவர் வந்து சேர்வதற்குள் அவருக்கு ஓய்வு வயது வந்துவிடும் என்று தெரிந்ததால், இயக்குநரே தலையிட்டு முடிவெடுத்தார். முடிவை அறிவிக்கக் கூட்டம் போட்டார்கள். பெரிய மண்டபம். ஒருவரும் சாயாமல் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் வெள்ளை உடையில் வந்து, ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கச் சொல்லிவிட்டு, அது இறங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"நம் நிலையத்தில் இதுவரை ஒருவருக்குக்கூடச் சுளுக்குப் பிடித்ததில்லை," என்று தொடங்கினார். "ஒருவருக்குக்கூட எலும்பு முறிந்ததில்லை. மற்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். அங்கே வருகிறவர்களை யோகம் செய்ய விட்டுவிடுகிறார்கள். நாம் அந்தத் தவறைச் செய்ததில்லை. தவறான ஆசனம் செய்தவர் என்று இங்கே ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம். சரியான ஆசனம் செய்தவர் என்றும் காட்ட முடியாது. நமக்கு எல்லாரும் சமம்."

யாரும் கைதட்டவில்லை. கைதட்டுவது அவரவருக்குப் பொருந்துமா என்பது முடிவாகியிருக்கவில்லை. புருவத்தை உயர்த்திக் காட்டினார்கள்.

பிறகு பூட்டுக்காரரை மேடைக்கு அழைத்தார்கள். பொருத்த அதிகாரிக்குக் கண் கலங்கியிருந்தது. ஒரு நிலுவை தீர்வதைப் பார்ப்பது அவருக்கும் இதுதான் முதல் முறை. சாம்பல் பட்டையை அவிழ்த்துவிட்டுப் பச்சைப் பட்டை கட்டினார்கள். அவருக்குப் பொருந்தும் முறை 'பிற' வகையைச் சேர்ந்தது என்று இயக்குநர் அறிவித்தார். பெயர், படுத்த நிலை. மல்லாந்து படுக்கவேண்டும். அசையக் கூடாது. யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

அன்று மாலை பூட்டுக்காரர் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாயை விரித்துப் படுத்துக் காட்டினார். அக்கா மேலிருந்து எட்டிப் பார்த்தாள். நீட்டிய கால் கட்டில் விளிம்பைத் தாண்டி, அவர் முகத்துக்கு மேலே, கூரையிலிருந்து வந்த உத்தரம்போல நின்றது.

"இதுதானாடா?"

பதில் சொல்லக் கூடாது. ஆனாலும் இதுதான் என்றார்.

"இதை நான் ஒரு மாசமா பண்ணிட்டிருக்கேன். எனக்கு யாரும் பட்டை கட்டலை."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் ஏதோ நினைவுக்கு வந்ததுபோல ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். ஒரு மாதம் என்ற வார்த்தையை அந்த வீட்டில் அதுவரை யாரும் சத்தமாகச் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் பிசியோ அம்மா வந்தார். பையை நாற்காலியில் போட்டார், தினமும் மடக்கினீர்களா என்று கேட்டார். பூட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசிவிட்டாள்.

"தினமும் மடக்கினான். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒரு நாள்கூட விடலை."

அளந்து துணி வெட்டுவதுபோலச் சுத்தமாக வெட்டி வைத்த பொய். பிசியோ அம்மா கட்டிலில் உட்கார்ந்து, கணுக்காலைப் பிடித்து மெதுவாக அழுத்தினார். உள்ளே சங்கிலி மாட்டிய கதவு திறப்பதுபோல முழங்கால் ஓர் இடுக்கு மடங்கி, அங்கேயே நின்றது. பூட்டுக்காரருக்கு அந்த நிற்றல் தெரியும். அதற்கு மேல் தள்ளினால் ஏதாவது ஒன்று உடையும். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிசியோ அம்மாவின் முகம் மாறிவிட்டது. தினமும் செய்தும் இவ்வளவுதான் வருகிறது என்றால் உள்ளே வேறு ஏதோ கோளாறு, திரும்பவும் அறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார். இப்போதே டாக்டரிடம் பேசிவிடுகிறேன் என்று போனை எடுத்தார்.

பூட்டுக்காரர் கதவருகில் நின்றிருந்தார். எப்போது அங்கே போனார் என்று அவருக்கே தெரியவில்லை. அக்கா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாற்றப்படாத விளக்கு அங்கேதான் இருந்தது. அவள் சொல்லப் போவதில்லை. இன்னொரு தடவை கத்தியின்கீழ் போய்ப் படுத்தாலும் தம்பியைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. போனில் மணி போய்க்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"செய்யலை," என்றார் பூட்டுக்காரர்.

பிசியோ அம்மா திரும்பிப் பார்த்தார்.

"முதல் நாள் மட்டும்தான். அதுக்கப்புறம் தொடவே இல்லை."

போனை அணைத்துவிட்டு ஏன் என்று கேட்டார். பூட்டுக்காரரிடம் நிறைய காரணங்கள் இருந்தன. ஒரு கட்டடம் முழுக்க இருந்தது. மணிக்கட்டைத் தூக்கிப் பச்சைப் பட்டையைக் காட்டினார். எனக்கு எந்த யோகம் பொருந்தும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையைக் கீழே இறக்கிவிட்டார். பிசியோ அம்மா பட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு அக்காவிடம் திரும்பி, நீங்கள் எதற்காகப் பொய் சொன்னீர்கள் என்றார்.

"வலிக்குதும்மா," என்றாள் அக்கா. "அவன் தொடலைன்னா வலிக்கலை. அவன் அந்த இடத்துக்குக் கிளம்பறப்ப எல்லாம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. நானே தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்தேன்."

பிசியோ அம்மா திட்டுவார் என்று பூட்டுக்காரர் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும். அவர் திட்டவில்லை. கட்டிலில் நகர்ந்து இடம் விட்டு, வந்து உட்காருங்கள் என்றார். பூட்டுக்காரரின் ஒரு கையைத் தொடைக்கு அடியிலும் இன்னொரு கையைக் கணுக்காலிலும் எடுத்து வைத்தார்.

"ஆபரேஷன் இப்ப வேண்டாம். இதைச் செஞ்சு பாப்போம். முழுசா வரும்னு சொல்ல மாட்டேன், அந்த நாள் போயிடுச்சு. எவ்வளவு வருதோ அவ்வளவு. அழுத்துங்க."

அழுத்தினார். அக்கா கத்தினாள். அவர் கண் தானாகக் கதவைப் பார்த்தது. கை அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு காலையும் மாலையும் அந்த வீட்டிலிருந்து சத்தம் வந்தது. அக்கா வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். பாவி என்றாள், சண்டாளன் என்றாள், உன்னைத் தூக்கி வளர்த்த இடுப்பை உடைத்துக்கொண்டிருக்கலாம் என்றாள். முடிந்ததும், கை வலிக்கிறதா என்று கேட்டாள். முழங்கால் ஒரு நாள் கொஞ்சம் வரும். மறுநாள் வந்ததையும் திருப்பி எடுத்துக்கொள்ளும். மிதிபலகைவரை இறங்குமா என்று இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள். கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு காலை நேரம், நடுவில் போன் அடித்தது. பூட்டுக்காரர் அதைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டார். பொருத்த அதிகாரி. படுத்த நிலை எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்று கனிவாக விசாரித்தார். அந்த நேரம் பார்த்து அக்கா அலறினாள்.

"என்ன சார் சத்தம் அது?"

"அக்கா."

"என்ன முறை செய்றாங்க?"

"தெரியலை. காலை மடக்கறேன்."

"பொருத்தம் பாத்தாச்சா?"

"இல்லை."

அதிகாரி பதறிப்போனார். "உடனே நிறுத்துங்க சார். விட்டுட்டு எழுந்து வந்துடுங்க. உங்க மேல எந்தத் தப்பும் இல்லை."

ஒரு மாதமாக அவர் அந்தக் கட்டடத்துக்குப் போனதே இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான். யாரும் அதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. கை தளர்வது அவருக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்கவேண்டும். அவள் கத்துவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். விடு என்று சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை.

பூட்டுக்காரர் போனை எடுத்து மிஷின் மேல் வைத்தார். அணைக்கவேண்டும் என்று தோன்றவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் அழுத்தினார். அக்கா மறுபடி கத்தினாள். அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளிகளில் ஜன்னலடியிலிருந்து அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, தப்பே இல்லை சார், உங்க மேல தப்பே இல்லை என்று.